கறுப்பு வெள்ளியில் ஒரு டி.வி. வேட்டை

வெள்ளிக்கிழமை என்றாலே நமக்கு மங்கலம்தான். வாசலில் பெரிய கோலம், தலைக்கு எண்ணெய், பூஜை அறையில் குத்துவிளக்கு... ஒரு காலத்தில் தூர்தர்ஷனில் 'ஒளியும் ஒலியும்' வேறு! அப்படிப்பட்ட வெள்ளிக்குப் போய் 'கறுப்பு' என்று யாராவது அடைமொழி போடுவார்களோ? அமெரிக்காவில் போடுகிறார்கள். போட்டதோடு நில்லாமல், அந்த நாளில்தான் தேசம் முழுவதும் கடைக்குக் கிளம்புகிறது.

நவம்பர் மாதத்து நாலாவது வியாழக்கிழமை அங்கே 'தாங்ஸ்கிவிங்'. அறுவடைக்கு நன்றி சொல்லும் நாள். கிட்டத்தட்ட நம் பொங்கல் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். 1863-ல் ஆப்ரஹாம் லிங்கன் இதைத் தேசிய நாளாக அறிவித்தார். 1939-ல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட், கிறிஸ்துமஸ் வியாபாரத்துக்குக் கூடுதலாக ஒரு வாரம் கிடைக்கட்டும் என்று பண்டிகையையே ஒரு வாரம் முன்னால் தள்ளினார்! பாதி மாகாணங்கள் ஒரு நாளிலும், மீதி மாகாணங்கள் வேறு நாளிலும் கொண்டாட, ஒரே குழப்பம். 1941-ல் சட்டம் போட்டு நாலாவது வியாழன் என்று முடிவு கட்டினார்கள். ஆக, பண்டிகையும் வியாபாரமும் அந்த நாளிலிருந்தே கைகோத்துத்தான் நடக்கின்றன.

மறுநாள்தான் கறுப்பு வெள்ளி. 1950-60களில் ஃபிலடெல்ஃபியா நகரத்துப் போலீஸ்காரர்கள் வைத்த பெயர் இது. கடைவீதியில் கூட்டமும் போக்குவரத்து நெரிசலுமாக அவர்களுக்கு லீவே கிடைக்காத நாள் அது. அந்த எரிச்சலில் அப்படிச் சொன்னார்கள். பிற்பாடு கடைக்காரர்கள், "நஷ்டத்தைச் சிவப்பு மையிலும் லாபத்தைக் கறுப்பு மையிலும் எழுதுவோமே, அந்தக் கறுப்பு" என்று அழகாக மாற்றிக்கொண்டார்கள். வியாபாரிக்குச் சொல்லித் தரவா வேண்டும்?

டி.வி. பிறந்த ஊர்ப் பக்கம்

என் பெண்ணும் மாப்பிள்ளையும் இருப்பது நியூ ஜெர்ஸி மாகாணத்தில், எடிசன் என்ற ஊரில். ஆமாம், பல்பு கண்டுபிடித்த அதே எடிசன் பெயர்தான். அவருடைய ஆராய்ச்சிச்சாலை இருந்த மென்லோ பார்க் இந்த ஊருக்குள்தான் இருக்கிறது. அங்கே ஒரு நினைவுக் கோபுரம். உச்சியில் பிரம்மாண்டமான ஒரு கண்ணாடி பல்பு. ஓக் ட்ரீ ரோடு பக்கம் போனாலோ புடவைக் கடை, நகைக் கடை, மளிகைக் கடை, இட்லி தோசை என்று நம்மூர் மாதிரியே இருக்கிறது. குளிர் மட்டும் இல்லாவிட்டால் பாண்டி பஜார் என்றே சொல்லிவிடலாம்.

இன்னொரு விசேஷம் கேளுங்கள். எடிசனிலிருந்து சுமார் முப்பது கிலோமீட்டரில் பிரின்ஸ்டன். அங்கிருந்த ஆர்.சி.ஏ. ஆராய்ச்சிச்சாலையில் ஜார்ஜ் ஹைல்மையர் என்ற இளம் விஞ்ஞானியும் அவர் கூட்டாளிகளும் ஒருவகைத் 'திரவப் படிக'த்தில் மின்சாரத்தைச் செலுத்தி எழுத்தும் படமும் காட்டலாம் என்று செய்து பார்த்தார்கள். 1968-ல் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டுக் காண்பித்தார்கள். "இனி டி.வி.யைப் படம் மாதிரி சுவரில் மாட்டலாம்" என்று அன்றைக்கே பேச்சு கிளம்பிவிட்டது. ஆனால் அதைக் கால்குலேட்டரில் வைத்து, கடிகாரத்தில் வைத்து, கடைசியில் டி.வி.யாகவும் வீட்டுக்கு வீடு கொண்டுபோனதில் ஜப்பான்காரர்கள் முந்திக்கொண்டார்கள். இன்று நாம் எல்.சி.டி., எல்.இ.டி. என்று சொல்வதெல்லாம் அந்த வம்சம்தான். பழைய டி.வி.யின் பானை வயிறு போய், தோசைக்கல் மாதிரி தட்டையானது இப்படித்தான்.

ஏன் வாங்கக் கிளம்பினோம்?

வீட்டில் ஒரு டி.வி. இருக்கத்தான் இருந்தது. சின்னது, படமும் மங்கல். ஆனாலும் வேறு வாங்கியே தீரவேண்டும் என்ற அவசரம் யாருக்கும் இல்லை. பேரனுக்குப் பதினாலு மாதம். பிடித்துக்கொண்டு நிற்கும் பருவம். ஒருநாள் மத்தியானம் டி.வி. வைத்திருந்த மேஜையின் இழுப்பறையைத் திறந்து, அதில் ஒரு காலை வைத்து ஏறப் பார்த்தான். ரிமோட் மேலே இருந்தது, அதற்காக. மேஜை லேசாகச் சாய்ந்தது. டி.வி. ஒருமுறை முன்னால் ஆடியது. நான் இரண்டடி தூரத்தில்தான் இருந்தேன், எட்டிப் பிடித்துவிட்டேன். குழந்தை சிரிக்கிறது, எனக்குக் கை நடுக்கம் நிற்கக் கால் மணி ஆயிற்று.

இளம் தாய்மார்கள் இதைக் கவனமாகப் படிக்கவேண்டும். தட்டை டி.வி. பார்க்கத்தான் இளைப்பு, இரண்டு மெல்லிய காலில் நிற்பதால் தொட்டாலே முன்பக்கம் கவிழும். மேஜையும் சேர்ந்து சாய்ந்தால் குழந்தை அடியில். அமெரிக்காவில் இப்படிச் சின்னக் குழந்தைகள் உயிரிழந்திருக்கிறார்கள். அதனால்தான் அந்த நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 2015-ல் 'கட்டி வையுங்கள்' என்று ஒரு பிரசார இயக்கமே தொடங்கிற்று.

"அம்மா, இனிமே டி.வி. சுவத்துலதான்" என்றாள் என் பெண் அன்றிரவே.

"அப்படியே புதுசாவே வாங்கிடலாமே. அடுத்த வாரம் கறுப்பு வெள்ளி! எழுபத்தஞ்சு அங்குலம் நல்லா இருக்கும்" என்றார் மாப்பிள்ளை. அவருடைய ஆசை அவருக்கு.

நான் ஒன்றும் சொல்லவில்லை. பழைய செய்தித்தாள்களை எடுத்து ஒட்டவைத்தேன். டி.வி.யின் அங்குலம் என்பது மூலைக்கு மூலை குறுக்களவு. 55 அங்குல டி.வி. என்றால் அகலம் 48, உயரம் 27. எழுபத்தைந்து என்றால் அகலம் 65-க்கு மேல். இரண்டு அளவையும் காகிதத்தில் வெட்டிச் சுவரில் ஒட்டினேன். சோபாவிலிருந்து சுவர் எட்டடி. பார்க்கும் தூரம் குறுக்களவைப் போல ஒன்றரை மடங்கு இருந்தால் சௌகரியம் என்பது பொதுவான கணக்கு. 55-க்கு ஏழடி போதும். 75-க்கு ஒன்பதரை அடி வேண்டும். பெரிய காகிதம் ஜன்னல் திரையையும் சேர்த்து மறைத்துக்கொண்டு நின்றது. மாப்பிள்ளை இரண்டு நாள் அதைப் பார்த்தார். மூன்றாம் நாள், "அத்தை, அம்பத்தஞ்சே போதும்" என்றார். அவ்வளவுதான்!

விடியற்காலைக் கடை

முன்பெல்லாம் வியாழன் ராத்திரியே கடை வாசலில் போர்வையோடு படுத்துக்கொள்வார்களாம். 2008-ல் லாங் ஐலண்டில் ஒரு பெரிய கடையில் விடிகாலை ஐந்து மணிக்குக் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே பாய்ந்த கூட்டத்தின் காலடியில் சிக்கி, தற்காலிக வேலையில் இருந்த ஓர் ஊழியர் இறந்துபோனார். நாலு காசு குறைவாக ஒரு சாமான் வாங்க ஓர் உயிர்! அதற்குப் பிறகு கூட்டத்தைச் சமாளிக்க அரசாங்கம் யோசனைகள் வெளியிட்டது. கடைகளும் தடுப்புக் கட்டி, டோக்கன் கொடுக்கத் தொடங்கின. 2020-லிருந்து பெரிய கடைகள் பல, பண்டிகை தினத்தன்று கதவையே திறப்பதில்லை. பாதி வியாபாரம் ஃபோனிலேயே நடந்துவிடுவதால் நெரிசலும் முன்போல் இல்லை.

நாங்கள் வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குப் போனோம். மூச்சு விட்டால் புகை. புடவைக்கு மேல் கோட்டு, காலில் இரண்டு ஜோடி சாக்ஸ். உள்ளே போனால் அம்மாடி, ஒரு சுவர் முழுக்க டி.வி.! எல்லாவற்றிலும் கிளி, மயில், பழக்கூடை. கண் கூசுகிற வர்ணம்.

வாசலிலேயே ஒன்றை அடுக்கி வைத்திருந்தார்கள். 65 அங்குலம், விலையோ அடிமாட்டு விலை. மாப்பிள்ளை கால் தன்னால் அங்கே நின்றுவிட்டது. என் பெண் ஃபோனை எடுத்து, பெட்டியிலிருந்த மாடல் எண்ணைத் தட்டிப் பார்த்தாள். ஜாதகம் பார்க்கிற மாதிரிதான்! கம்பெனி பெரிய கம்பெனி. ஆனால் அந்த எண்ணில் ஒரு டி.வி. வருஷம் பூராவும் விற்றதாகவே இல்லை.

"இது பண்டிகைக்குன்னே பண்ணினது. எச்.டி.எம்.ஐ. துளை ரெண்டுதான் இருக்கு, வெளிச்சமும் கம்மி. பேரு ஒண்ணு, உள்ளே வேற" என்றாள்.

உண்மைதான். விற்பனை நாளுக்கென்றே சில வசதிகளைக் குறைத்து, எண்ணில் ஓரெழுத்தை மாற்றி விடுகிறார்கள். ஏமாற்று என்று சொல்ல முடியாது; குறைந்த விலைக்குக் குறைந்த சாமான். தெரிந்து வாங்கினால் தப்பில்லை. தெரியாமல், 'அதே டி.வி. பாதி விலையில்' என்று நினைத்தால்தான் ஏமாற்றம்.

வசந்தகாலத்தில் வந்த ஒரு மாடல், 55 அங்குலம், உள்பக்கம் இருந்தது. அதன் பழைய விலை தெரியும். இன்றைய விலை நிஜமாகவே குறைந்திருந்தது. கடைப் பையனிடம், "இதை வீட்டு வெளிச்சத்துக்கு மாத்திக் காட்டுப்பா" என்று கேட்கச் சொன்னேன். கடைகளில் வர்ணம் தூக்கலாகத் தெரிகிறபடி வைத்திருப்பார்கள். வீட்டுக்குரிய அமைப்புக்கு மாற்றினால்தான் நிஜ நிறம் தெரியும். மயில் கொஞ்சம் அடங்கியது. முகங்கள் முகமாக இருந்தன. எங்களுக்குப் பிடித்துவிட்டது.

பையன் மரியாதையானவன். ஆனால் தங்க முலாம் பூசிய கேபிள் ஒன்றை விலை உயர்த்திச் சொன்னான். இரண்டு மீட்டர் கேபிளில் தங்கம் பூசினால் படத்தில் தங்கம் வராது! அதற்குப் பதில் சுவரில் மாட்டும் இரும்புப் பிடி ஒன்று வாங்கினோம். டி.வி.யின் முதுகில் நாலு திருகாணித் துளை இருக்கும். அந்த இடைவெளிக்கு 'வெஸா' அளவு என்று பெயர். பிடியும் அதே அளவாக இருக்கவேண்டும், எடையையும் தாங்கவேண்டும்.

இன்னொன்று: அட்டையில் போட்ட விலையோடு கணக்கு முடிவதில்லை. நியூ ஜெர்ஸியில் துணிமணிக்கு விற்பனை வரி இல்லை, டி.வி.க்கு 6.625 சதவீதம் உண்டு. 400 டாலர் சாமானுக்கு இருபத்தாறரை டாலர் கூடுதல். பக்கத்து டெலவேர் மாகாணத்தில் விற்பனை வரியே கிடையாது.

வீட்டுக்கு வந்த பிறகு

காரில் பெட்டியை நிற்க வைத்துத்தான் கொண்டுவந்தோம். படுக்க வைத்தால் கண்ணாடிக்கு ஆபத்து. வெளியே கடும் குளிராக இருந்ததால், உடனே போடாமல் சில மணி நேரம் அப்படியே விட்டோம். குளிர்ந்த பொருள் சூடான அறைக்கு வந்தால் உள்ளே ஈரம் பூக்கும் அல்லவா?

அங்கே சுவர் செங்கல் சுவர் இல்லை. மரச் சட்டம் நட்டு, மேலே ஜிப்சம் பலகை அடித்திருப்பார்கள். பெரும்பாலும் பதினாறு அங்குலத்துக்கு ஒரு சட்டம். பலகையில் மட்டும் திருகினால் டி.வி. ஒருநாள் தரையில் இருக்கும். சட்டத்தைக் கண்டுபிடிக்கச் சின்னக் கருவி இருக்கிறது. சுவரில் நகர்த்தினால் சரியான இடத்தில் 'பீப்' என்கிறது. மாப்பிள்ளை நாலு திருகாணியையும் சட்டத்திலேயே இறக்கினார். பழைய மேஜையையும் பட்டை போட்டுச் சுவரோடு கட்டினார். ரிமோட்டும் பொம்மையும் மேஜைமேல் வைப்பதில்லை என்பது வீட்டின் புதுச் சட்டம். குழந்தை ஏறுவதே அதற்காகத்தானே?

பேரனுக்கு டி.வி. காட்டுவதும் இல்லை. இரண்டு வயது வரை திரை வேண்டாம், இரண்டிலிருந்து நாலு வயது வரை நாளைக்கு ஒரு மணிக்கு மேல் வேண்டாம் என்பது 2019-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்ன யோசனை. அவன் தூங்கின பிறகுதான் எங்கள் சினிமா.

"உங்களுக்கும் ஒண்ணு வாங்கி அனுப்பட்டுமா, அத்தை?" என்றார் மாப்பிள்ளை. வேண்டவே வேண்டாம் என்றேன். அங்கே மின்சாரம் 120 வோல்ட், நமக்கு 230. பல அமெரிக்க டி.வி.கள் நம் மின்சாரத்தைத் தாங்கா. பின்புறச் சீட்டில் '100-240' என்று போட்டிருக்கவேண்டும். ஒளிபரப்பு முறையும் வேறு. போதாததற்கு, 2013 ஆகஸ்டில் நம் அரசாங்கம் தட்டை டி.வி.க்கு விமானப் பயணிகளின் வரிச் சலுகையை நீக்கிவிட்டது. வழியில் கண்ணாடி உடைந்தால் யாரைக் கேட்பது? கொண்டுவர நினைப்பவர்கள் சுங்க விதியைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

தீபாவளி, பொங்கல், ஆடித் தள்ளுபடி என்று நம்மூரிலும் கடைகள் கூப்பிடத்தான் செய்கின்றன. போங்கள், நன்றாக வாங்குங்கள். கிளம்புமுன் சுவரை அளந்துகொள்ளுங்கள், மாடல் எண்ணைப் பாருங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். இந்தப் பண்டிகைக்குத் தவறினால் அடுத்த தள்ளுபடி வராமலா போகும்? ஆனால் வாங்கின டி.வி.யைச் சுவரோடு இறுக்குவதை மட்டும் மறுநாளைக்குத் தள்ளிப்போடாதீர்கள். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் அது அன்றைக்கே முடியவேண்டிய வேலை.