வந்தாறுமூலை வளாகத்தில் ஒரு நாள்

நாவற்குடாவில் பஸ் ஏறி, கல்லடிப் பாலம் கடந்து, மட்டக்களப்பு நகரில் வேறு பஸ் மாறினோம். ஏறாவூரும் செங்கலடியும் தாண்டினால் வந்தாறுமூலை. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வாயில் வீதியோரத்திலேயே இருக்கிறது.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நன்கு தெரிந்தது கல்லடியிலுள்ள விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம். அதுவும் இப்பல்கலைக்கழகத்தின் ஓர் அங்கமே. ஆனால் தாய்வீடு இதுதான்.

1981 ஓகஸ்ட் 1 ஆம் திகதி இது மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கியது. அதற்கு இடம் கொடுத்தது வந்தாறுமூலை மகா வித்தியாலயம். கிராமத்துப் பிள்ளைகள் படித்த கட்டடங்களிலேதான் விரிவுரைகள் ஆரம்பித்தன. 1986 ஒக்டோபர் 1 இல் அது பல்கலைக்கழகமானது. இன்று மாடிக் கட்டடங்களைப் பார்த்து வியக்கிறவர்கள் அந்தப் பழைய பள்ளிக்கூடத்தையும் கொஞ்சம் நினைக்கலாம்.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டதும், சுற்றுக் கிராமத்துச் சனங்கள் குழந்தை குட்டிகளோடு இங்கே ஓடி வந்தார்கள். படிப்பு நடந்த இடத்தில் பாய் விரித்தார்கள், அடுப்பு மூட்டினார்கள். வளாகம் ஆயிரக்கணக்கானோரின் அகதி முகாமாகியது. செப்டெம்பர் 5 ஆம் திகதி இராணுவத்தினர் உள்ளே வந்தனர். ஆண்கள் வரிசையில் விடப்பட்டார்கள். முகமூடி போட்ட தலையாட்டிகள் காட்டியவர்களைப் பிரித்தெடுத்து, 158 பேரைக் கொண்டுபோனார்கள். எவரும் திரும்பி வரவில்லை. 1994 இல் அமைக்கப்பட்ட ஜனாதிபதி ஆணைக்குழுவின் முன் இது சாட்சியமாகச் சொல்லப்பட்டது. சொன்னவர்களுக்கு இன்னும் பதில் இல்லை.

கணவனைக் கொண்டுபோன பிறகும் பெண்கள் அதே முகாமிலேயே பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்ச வேண்டியிருந்தது. போக வேறு இடம் ஏது?

மரநிழலில் மாணவிகள் குறிப்புக் கொப்பிகளோடு உட்கார்ந்திருந்தார்கள். பார்க்க மனதுக்கு இதமாக இருந்தது. வரிசை நின்றது எந்த இடத்தில் என்று அங்கே இருந்த ஒரு தாயால் கைகாட்டிச் சொல்ல முடியும். புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நூலகத்தையும் ஆய்வுகூடத்தையும் காட்டும்போது அந்த இடத்தையும் காட்ட வேண்டும் என்பது என் எண்ணம். பயமுறுத்துவதற்காக அல்ல. அவர்கள் உட்கார்ந்திருக்கும் வளவின் கதை அது.

உள்ளே நல்லையா மண்டபம் இருக்கிறது. பட்டமளிப்பு நாளில் தாய்மார் நல்ல சேலை கட்டி, மகளோடு நின்று படம் எடுக்கிறார்கள். செப்டெம்பர் 5 இல் வேறு படங்களோடு வருகிறவர்களும் உண்டு. இரண்டு நாளும் வந்த தாய் ஒருத்தியாவது இருப்பாள்.