பொறுக்கி எடுத்த அரிசி

அன்றாட உணவை வேண்டி நாம் நாள்தோறும் செபிக்கிறோம். ஆயினும், அவ்வுணவைப் பற்றி நாம் பேசும் பேச்சில் உண்மை எவ்வளவு, வதந்தி எவ்வளவு என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே. இதழியல் கற்பிக்கும் ஆசிரியன் என்ற முறையில், அறிவியலையும் உணவையும் பற்றிய செய்திகளே பல்லாண்டுகளாக என் பாடமாகவும் ஆய்வாகவும் இருந்து வருகின்றன. அத்துறையில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய பாடத்தைக் கற்பித்தவர், திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் பூ விற்கும் ஒரு மூதாட்டி. அதனை ஒளிக்காமல் இங்கே எழுதுகிறேன்.

சத்திரம் பேருந்து நிலையத்தை அறியாத திருச்சிக்காரர் இல்லை. ஒருபுறம் மலைக்கோட்டை, மறுபுறம் தூய வளனார் கல்லூரியும், லூர்து அன்னை ஆலயத்தின் உயர்ந்த கோபுரமும். திருவரங்கம் செல்வோரும், லால்குடி, முசிறி, துறையூர் செல்வோரும் கூடுமிடம் அது. பழைய கட்டடம் இடிக்கப்பட்டு, புதிய நிலையம் 2021-ஆம் ஆண்டின் இறுதியில் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் ஒரு நாள், என் மாணவர்களை அங்கே அழைத்துச் சென்றேன். உணவைப் பற்றி மக்கள் எதை நம்புகிறார்கள், யார் சொல்லி நம்புகிறார்கள் என்று கேட்டறிந்து எழுதுவதே அன்றைய பயிற்சி.

வகுப்பில் மூன்று கேள்விகளை நான் வலியுறுத்துவதுண்டு. இதைச் சொன்னவர் யார்? அவருக்கு அது எப்படித் தெரியும்? அளவு எவ்வளவு? உப்பும் அளவோடு இருந்தால் உணவு. அளவு மிஞ்சினால் கேடு. அளவைச் சொல்லாத உணவுச் செய்தி அச்சத்தை மட்டுமே விற்கிறது. அதேவேளை, மக்களின் அச்சத்தை எள்ளி நகையாடலாகாது என்றும் சொல்வேன். 1998-இல் தில்லியில் கடுகெண்ணெயில் பிரமத்தண்டு விதையின் எண்ணெய் கலந்துவிட, 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கலப்படம் என்ற சொல்லைக் கேட்டதும் ஏழைத் தாய் நடுங்குவதற்குக் காரணம் உண்டு.

அந்நாள்களில் எங்கும் பேச்சாக இருந்தது 'பிளாஸ்டிக் அரிசி'. சோற்றை உருட்டி எறிந்தால் பந்து போல் துள்ளுகிறது என்று காட்டும் படங்கள் 2017-ஆம் ஆண்டிலேயே கைப்பேசிகளில் உலாவின. வெந்த சோறு பசைத்தன்மை உடையது. அழுத்தி உருட்டினால் காற்றும் உள்ளே அடைபடும். ஆகவே அது துள்ளும். பிளாஸ்டிக்குக்கும் அதற்கும் தொடர்பில்லை.

பின்னர், திருச்சி மாவட்டத்தில் வதந்திக்குப் புதிய உரம் கிடைத்தது. பொது விநியோகத்தில் செறிவூட்டப்பட்ட அரிசி வழங்கும் முன்னோடித் திட்டம், தமிழ்நாட்டில் 2020-இல் தொடங்கப்பட்டது நம் மாவட்டத்தில்தான். அரிசி மாவோடு இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 ஆகியவற்றைச் சேர்த்துப் பிசைந்து, இயந்திரத்தில் அரிசி வடிவில் பிழிந்தெடுத்து உலர்த்துவர். அம்மணிகளை நூறு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு வீதம் கலப்பர். நிறத்தில் அவை சற்று வேறுபடும். களையும்போது சில நீரில் மிதக்கும். 2019-21-இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நாட்டின் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. அதனைப் போக்கும் நோக்கமே இத்திட்டத்திற்கு அடிப்படை.

இவற்றையெல்லாம் நன்கு படித்திருந்த பெருமையோடுதான் அன்று அந்தப் பூக்காரம்மாவின் முன்னே நின்றேன். நாங்கள் கேட்பது இன்னதென்று அறிந்ததும், அவர் சுருக்குப் பையை அவிழ்த்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார். உள்ளே ஒரு கைப்பிடி அரிசி மணிகள். ரேஷன் அரிசியில் வேற்று நிறமாய்க் கண்டவற்றை, இரவு தோறும் முறத்தில் பரப்பி, ஒவ்வொன்றாய்ப் பொறுக்கி எடுத்திருக்கிறார்.

"சார், இது பிளாஸ்டிக்குதானே?" என்றார்.

"இல்லை அம்மா, சத்து சேர்த்த அரிசி" என்று தொடங்கி விளக்கினேன். மாணவர்கள் குறிப்பெடுத்தனர். அவர் முகம் தெளிந்தது.

"அப்ப என் பேரனுக்கும் இதையே ஆக்கிப் போடலாமா சார்?"

"தாராளமாகப் போடுங்கள். இரும்புச் சத்து இருக்கிறது. பிள்ளைக்கு இரத்தம் ஊறும்."

அப்போது, பின்னால் நின்ற மாணவி ஒருத்தி மெல்லக் கேட்டாள்: "பாட்டி, உங்கள் பேரனுக்கு உடம்புக்கு என்ன?"

மாதம் ஒருமுறை ஆசுபத்திரியில் இரத்தம் ஏற்றுகிறார்கள் என்றார் அந்த அம்மா. நோயின் பெயர் அவருக்குச் சொல்ல வரவில்லை. பையிலிருந்த சீட்டை வாங்கிப் பார்த்தோம். தலசீமியா என்றிருந்தது.

என் நா உலர்ந்தது. அடிக்கடி இரத்தம் ஏற்றிக்கொள்ளும் தலசீமியா நோயாளர் உடலில் இரும்பு தேங்கி, இதயத்தையும் கல்லீரலையும் கெடுக்கும். ஆதலின், இரும்புச் சத்து சேர்த்த உணவை அவர்கள் மருத்துவ மேற்பார்வையில்தான் உண்ண வேண்டும் என்ற எச்சரிக்கை, செறிவூட்டிய உணவின் உறைமேல் இருக்கவேண்டும் என்பது அன்றைய விதி. மூட்டை பிரித்து அளந்து போடும் அரிசியில் அந்த எச்சரிக்கையை அவர் எங்கே படிப்பார்? நான் படித்திருந்தேன். என் ஆய்வுக் குறிப்பில் அது எழுதப்பட்டும் இருந்தது. ஆனால், என் நினைவில் அன்று நின்றது வதந்தியை முறியடிக்கும் ஆர்வம் ஒன்றே.

"அம்மா, நான் அவசரப்பட்டுவிட்டேன். இரத்தம் ஏற்றும் டாக்டரிடம் இந்தப் பொட்டலத்தைக் காட்டிக் கேளுங்கள். அவர் சொல்லும்வரை பேரனுக்கு வேண்டாம்" என்றேன். மாணவர் முன்னிலையில் அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருந்தது.

மறுவாரம் தனியே சென்று விசாரித்தேன். பேரனுக்கு மட்டும் வேறு அரிசி வாங்கிக் கொடுக்கும்படி மருத்துவர் சொல்லியிருந்தார். பூ விற்ற காசில் அதுவும் ஒரு செலவு. அதற்காக அவர் என்னை நொந்துகொள்ளவில்லை. "நல்லவேளை அந்தப் பொண்ணு கேட்டுச்சு" என்றார்.

அன்று மாலை லூர்து அன்னை ஆலயத்தில் நெடுநேரம் அமர்ந்திருந்தேன். எட்டாம் கட்டளையை நான் மீறவில்லை. சொன்னதில் பொய் எதுவும் இல்லை. எனினும், கேட்பவர் யார், அவர் வீட்டு நிலை என்ன என்று கேளாமல் உண்மையை வீசியெறிந்தேன். 1923-இல் பதினோராம் பத்திநாதர் எழுத்தாளர்களின் பாதுகாவலராக அறிவித்த புனித பிரான்சிஸ் சலேசியார், தம் எழுத்துத் தாள்களை வீடு வீடாகச் சென்று கதவின் அடியில் செருகியவர் என்பர். ஒவ்வொரு கதவுக்கும் பின்னால் ஒரு குடும்பம் இருப்பதை அவர் அறிந்திருந்தார்.

அதன்பின் என் வகுப்பில் நான்காவது கேள்வி ஒன்று சேர்ந்தது: இச்செய்தி யாருக்குப் பொருந்தாது? அரிசிச் செய்தியையும் மாற்றிக் கற்பிக்கலானேன். பிளாஸ்டிக் என்பது பொய். ஆனால், செறிவூட்டிய அரிசியால் இரத்தசோகை குறைவது உறுதி என்பதும் மிகையே. 2019-இல் காக்ரேன் அமைப்பு பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இரத்தசோகையின் அளவில் பெரிய மாற்றம் இல்லாதிருக்கலாம் என்றே கண்டது. இரண்டையும் சொல்பவனே நேர்மையான செய்தியாளன்.

2024-இல் மற்றொரு திருப்பம். இவ்வரிசியால் அத்தகைய நோயாளருக்கு இடர் உண்டு என்பதற்குப் போதிய சான்று இல்லை என்ற வல்லுநர் கருத்தின்பேரில், அந்த எச்சரிக்கை வாசகத்தை அரசு நீக்கியது. அறிவியல் இப்படித்தான் தன்னைத் திருத்திக்கொண்டே நடக்கிறது. நேற்று சொன்னவன் இன்று திரும்பிப் போய்ச் சொல்லக் கடமைப்பட்டவன். ஆகவே சத்திரத்திற்குச் சென்றேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்ட அந்த அம்மா, முழம் போட்டுக்கொண்டே சொன்னார்:

"சரி சார். எதுக்கும் அந்த டாக்டரையே ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்."

நான் முன்பு போல் விளக்கம் தொடங்கவில்லை. இரண்டு முழம் பூ வாங்கிக்கொண்டு, அன்னையின் ஆலயத்தை நோக்கி நடந்தேன்.