ஒரு லிட்டர் கடல்

பதினோராம் வகுப்பில் புவியியல் வாத்தியார் கரும்பலகையில் 35 என்று எழுதி வட்டம் போட்டார். ஆயிரம் கிராம் கடல்நீரில் சராசரியாக 35 கிராம் உப்பு. பாம்பனில் பிறந்த எனக்கு அது கொஞ்சம் அவமானமாகக்கூட இருந்தது. கண்விழித்தால் முன்னால் கிடக்கிற கடலுக்கு இவ்வளவு சின்ன எண்ணா?

அன்று சாயங்காலமே ஆண் கடலில் ஒரு லிட்டர் மொண்டு வந்தேன். தெற்கே மன்னார் வளைகுடா எங்களுக்கு ஆண் கடல். வடக்கே பாக் விரிகுடா பெண் கடல். வாடை இறங்கிவிட்டால் பெண் கடல் போடும் ஆட்டத்தைப் பார்த்தவர்கள் அந்தப் பெயரை நம்ப மாட்டார்கள், அது வேறு கதை.

அம்மா பாசி எடுத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். விரல்களில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தார். நுனிகள் வெளுத்து, பாறை கீறிய கோடுகளோடு இருந்தன. மரிக்கொழுந்துப் பாசி. அதிலிருந்து அகர் எடுக்கிறார்கள் என்று நான் படித்திருந்தேன். அம்மாவுக்குக் கிலோ என்ன விலை போகிறது என்பது தெரியும்.

"கடத்தண்ணிய எதுக்குடா அடுப்புல ஏத்துற? உப்பு வேணும்னா கடையில வாங்கிட்டு வா."

தண்ணீர் சுண்டச் சுண்ட முதலில் மாவு கரைத்தாற்போல் ஒரு வெண்மை படிந்தது. பிறகு உப்பு பூத்துப் படபடவென்று வெடித்து அடுப்பெல்லாம் தெறித்தது. சட்டி பாழ். வழித்தெடுத்ததைத் தாளில் மடித்து மளிகைக் கடைக்கு ஓடினேன். கடைக்கார அண்ணாச்சி எதிர்த்தட்டில் இருபது, பத்து, ஐந்து என்று படிக்கல் வைத்தார். உப்புத் தட்டு எழும்பவேயில்லை.

"ஈரமா இருக்கே தம்பி" என்றார்.

மறுபடி காய்ச்சினேன். ஆறியதும் மறுபடி கசிந்தது. நாக்கில் வைத்தால் கசப்பு.

வேதியியல் வாத்தியார் கேட்டுவிட்டுச் சிரித்தார். அதிலுள்ள மக்னீசியம் குளோரைடு ஈரத்தை விடாது; விடாப்பிடியாகச் சூடேற்றினால் அதுவே சிதைந்து அமிலமாகப் பறந்துவிடும். உப்பை நிறுத்து அளக்கிற வழியே சரிப்படாது. 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய 'சேலஞ்சர்' கப்பல் கொண்டுவந்த 77 மாதிரிகளை டிட்மார் என்பவர் ஆராய்ந்தாராம். எந்தப் பெருங்கடலானாலும், உப்பு கூடினாலும் குறைந்தாலும், முக்கியமான உப்புகள் ஒன்றுக்கொன்று இருக்கும் விகிதம் ஏறக்குறைய மாறுவதில்லை. அதனால் குளோரைடை மட்டும் பிடித்தால் போதும்.

பியூரெட்டில் சில்வர் நைட்ரேட். குடுவையில் என் கடல், மஞ்சளாக இரண்டு சொட்டு பொட்டாசியம் குரோமேட். சொட்டச் சொட்டத் தயிர்போல் வெண்மை திரண்டுகொண்டே வந்தது. திடீரென்று ஒரு சொட்டில் செங்கல் நிறம் வந்து, குலுக்கியும் போகாமல் நின்றது. வந்த குளோரின் அளவை வாத்தியார் சுமார் 1.8-ஆல் பெருக்கினார். 34-ஐத் தாண்டி, 35-க்குச் சற்றுக் குறைவாக வந்தது. யாரோ என் ஊரை எட்டிப்பார்த்துவிட்டுப் போனதுபோல் இருந்தது.

சில்வர் நைட்ரேட் பட்ட விரல்நுனிகள் மறுநாள் கறுத்துப்போயின. தேய்த்தும் போகவில்லை. சோற்றுத் தட்டுக்கு மேல் அம்மா என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"நீ என்ன பாசிடா எடுத்த?"