குளத்துக்கு அடியில் ஒரு குழாய்

கொய் மீன் குளம் இருக்கும் வீட்டுக்குப் போகிறவர்கள் முதலில் மீனைத்தான் பார்ப்பார்கள். "இது என்ன விலை?" என்பார்கள். அடுத்து கைப்பேசியை எடுத்துப் படம் பிடிப்பார்கள். "இந்தத் தண்ணீர் எந்த வழியாகப் போய், எந்த வழியாகத் திரும்பி வருகிறது?" என்று கேட்கிறவரைப் பார்ப்பது அபூர்வம். ஆனால் அந்த மீன்கள் பிழைத்திருப்பதே அந்தக் கேள்விக்கான பதிலில்தான் இருக்கிறது.

கிள்ளானில் எங்களுடையது மூலை வீடு. பக்கவாட்டில் கொஞ்சம் காலி இடம் உண்டு. அப்பா ரப்பர்த் தோட்டத்தில் பம்பு வீட்டில் வேலை பார்த்தவர். ஆற்றுத் தண்ணீரைத் தொட்டிக்கு ஏற்றி, தெளியவைத்து, லயத்து வீடுகளுக்கு அனுப்புவது அவர் வேலை. ஓய்வு பெற்ற சில ஆண்டுகளில் அம்மாவும் போய்விட, அவர் பேச்சு குறைந்துபோனது. நாள் முழுக்க வானொலியில் பேசிவிட்டு வீட்டுக்கு வந்தால், எங்கள் இருவருக்கும் நடுவில் தொலைக்காட்சி மட்டும்தான் பேசிக்கொண்டிருக்கும். ஒருநாள் அவராகவே "அந்தப் பக்கம் ஒரு கொய் குளம் கட்டலாமா?" என்று கேட்டார். உடனே சரி என்றேன். அதற்குக் காரணம் மீன் இல்லை.

10 அடி நீளம், 6 அடி அகலம், 4 அடி ஆழம் என்று முடிவானது. கணக்குப் போட்டால் ஏறக்குறைய 6,800 லிட்டர் தண்ணீர். வந்த குத்தகையாளர், "பம்பத் தூக்கி உள்ள போட்டு, மேல ஒரு பெட்டி ஃபில்டர் வச்சாப் போதும் அங்கிள். தரைக்கு அடியில குழாயெல்லாம் எதுக்கு? யாரு பார்க்கப் போறா?" என்றார்.

"மீன் பார்க்கும்பா" என்றார் அப்பா.

அவர் கேட்டது தரையின் நடுவில் ஒரு வடிகால். கடைகளில் பாட்டம் டிரெயின் என்றுதான் சொல்வார்கள். அதிலிருந்து ஒரு குழாய் தரைக்கு அடியிலேயே ஓடி வடிகட்டிக்குப் போகவேண்டும். செலவு கூடும், பள்ளமும் கூடுதலாகத் தோண்டவேண்டும். ஆனாலும் அவர் விடவில்லை. ஏன் என்பதை அடுத்து வந்த வாரங்களில் எனக்குப் பாடமாகவே நடத்தினார். அம்மா போன பிறகு அவர் அவ்வளவு பேசி நான் கேட்டது அப்போதுதான்.

மீனின் கழிவு, மிச்சமான தீனி, உதிர்ந்த இலை எல்லாம் கடைசியில் தரையில்தான் படியும். அங்கேயே கிடந்து அழுகினால் தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜன் குறையும், அம்மோனியா கூடும். மீன் தன் செவுள் வழியாகவும் அம்மோனியாவை வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. நம் ஊர்ச் சூட்டில் இது இன்னும் சிக்கல். 15 டிகிரி செல்சியஸ் தண்ணீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 10 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். 30 டிகிரியில் அது 7.5 மில்லிகிராம் அளவுக்கு இறங்கிவிடும். கொய், ஜப்பானில் பனி கொட்டும் நீகாத்தா மலைக் கிராமங்களில் உருவாக்கப்பட்ட மீன். கிள்ளான் வெயிலில் அதற்குக் கிடைக்கும் மூச்சே குறைவு. அதில் அழுக்கும் பங்குக்கு வரக்கூடாது.

அடுத்த பாடம், எது முதலில், எது பின்னால் என்பது. குளத்துக்குள்ளேயே பம்பைப் போட்டால், கழிவு முதலில் பம்பின் விசிறியில் சிக்கித் தூளாகும். அந்தத் தூள் தண்ணீரோடு கலந்து வடிகட்டிக்குப் போகும். முழுசாக இருந்தால் எளிதில் படிந்துவிடும் கழிவு, மாவாகிவிட்டால் லேசில் பிடிபடாது. ஆகவே தண்ணீர் முதலில் வடிகட்டிக்குப் போகவேண்டும். பம்பு கடைசி அறையில் இருக்கவேண்டும். இதைக் கேட்டபோது எனக்கு எங்கள் ஒலிப்பதிவுக்கூடம் நினைவுக்கு வந்தது. மைக்கிலேயே இரைச்சல் இருந்தால், அதைப் பெருக்கிய பிறகு குரலைத் தனியே பிரிப்பது பெரும்பாடு. அழுக்கை முதலில் பிரிக்கவேண்டும், வேகத்தை அப்புறம் கொடுக்கவேண்டும். இரண்டு இடத்திலும் அதே விதிதான்.

பம்பு தள்ளாமல் தண்ணீர் எப்படி வடிகட்டிக்குப் போகும்? அப்பா ஒரு ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி இரண்டு முனைகளையும் தூக்கிக் காட்டினார். வீடு கட்டுகிறவர்கள் மட்டம் பார்ப்பதும் இப்படித்தான். ஒரு பக்கம் எந்த உயரமோ, மறு பக்கமும் அதே உயரம். குளமும் வடிகட்டியும் அந்தக் குழாயின் இரண்டு முனைகள். கடைசி அறையில் பம்பு தண்ணீரை எடுத்ததும் அங்கே மட்டம் கொஞ்சம் இறங்கும். அதைச் சமன் செய்யக் குளத்தின் தரையிலிருந்து தண்ணீர் தானாக ஓடி வரும், அழுக்கையும் கூட்டிக்கொண்டு. மின்சாரம் போனால் இரண்டும் ஒரே மட்டத்துக்கு வந்து நிற்கும். ஆகவே வடிகட்டியின் சுவரும் குளத்தின் சுவரும் ஒரே உயரம் இருக்கவேண்டும். தாழ்வாக இருந்தால் வழிந்துவிடும்.

இப்படி ஓடும் தண்ணீரைத் தள்ளும் விசை மிகக் குறைவு என்பதால்தான் 4 அங்குலக் குழாய். 2 அங்குலம் போட்டால் பம்பு கேட்கும் அளவுக்குத் தண்ணீர் வந்து சேராது. கடைசி அறை வற்றி, பம்பு காற்றை இழுக்கும். 6 அங்குலம் போட்டால் ஓட்டம் மந்தமாகி, அழுக்குக் குழாய்க்குள்ளேயே படிந்துவிடும். மணிக்கு 7,000 லிட்டர் ஓடும் எங்கள் குளத்துக்கு 4 அங்குலமே பொருத்தம். திருப்பத்தில் 90 டிகிரி எல்போ வேண்டாம், 45 டிகிரியில் இரண்டு போடு என்றார். பெரிய குளத்தில் இரண்டு வடிகால் வைத்தால் ஒவ்வொன்றுக்கும் தனிக் குழாய் வேண்டும். இரண்டையும் ஒன்றாக இணைத்தால் தண்ணீர் சுலபமான பக்கமே ஓடும், மறுபக்கம் தேங்கும்.

அழுக்கு வடிகாலைத் தேடி வரவும் வழி செய்யவேண்டும். தரையை எல்லாப் பக்கமும் நடுவை நோக்கிச் சரித்து, மூலைகளை வளைத்தார்கள். திரும்பி வரும் தண்ணீர் சுவரை ஒட்டிச் சாய்வாக விழுகிறது. அதனால் குளம் மெதுவாகச் சுழல்கிறது. தேநீரைக் கலக்கிவிட்டால் தூள் கோப்பையின் நடுவில் போய்க் குவியுமல்லவா, அப்படித்தான்.

வடிகட்டியின் முதல் அறையில் கழிவு படியும். அடுத்த அறையில், பாய்போன்ற பொருளின்மேல் பாக்டீரியா குடியேறி அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு ஆபத்துக் குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும். அவை பெருகச் சில வாரங்கள் ஆகும். அதனால் முதலில் மூன்று சிறிய மீன்கள்தான் வாங்கினோம். முதல் அறையின் அடியில் ஒரு வால்வு. வாரம் ஒருமுறை அதைத் திறந்தால் சேற்றுத் தண்ணீர் வெளியேறி வாழைக்கும் முருங்கைக்கும் போகிறது. குறைந்த தண்ணீரைக் குளோரின் நீக்கி நிரப்பவேண்டும்.

அந்த வால்வைப் பொருத்திய அன்றுதான் அப்பா தன் பிடிவாதத்தின் காரணத்தைச் சொன்னார். "நல்லா பார்த்துக்கிட்டா கொய் 25, 30 வருசம்கூட இருக்கும்மா. எனக்கு இப்பவே 71. அப்புறம் இத நீதான் பார்க்கணும். ராத்திரி வேலை முடிஞ்சு வந்து, நீ குளத்துல இறங்கிச் சேறு அள்ளக்கூடாது. ஒரு வால்வத் திறந்து மூடுற வேலையா இருக்கணும்."

நேரடி ஒலிபரப்பில் மௌனம் விழுந்தால் உடனே எதையாவது சொல்லி நிரப்புவது என் தொழில். அன்று நான் நிரப்பவில்லை.

கான்கிரீட் ஊற்றுவதற்கு முன், குழாயின் ஒரு முனையை அடைத்துத் தண்ணீர் நிரப்பி, மட்டத்தைக் கோடு போட்டுக் குறித்து, ஒரு நாள் முழுக்க விட்டுவைத்தார் அப்பா. மறுநாள் காலை கோடும் தண்ணீரும் ஒன்றாகவே இருந்தன. அதன் பிறகுதான் குத்தகையாளருக்கு "ஊத்துப்பா" என்றார்.

இப்போது தாமானில் குளம் கட்டும் யோசனையில் இருப்பவர்கள் அவரைத் தேடி வருகிறார்கள். சாயங்காலங்களில் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சி சும்மா இருக்கிறது.

நீங்களும் குளம் கட்டுவதாக இருந்தால், விலை பேசும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். தரையில் வடிகால் உண்டா? தண்ணீர் பம்புக்கு முன்பே வடிகட்டிக்குப் போகிறதா? குழாயை மூடுவதற்கு முன் தண்ணீர் நிரப்பிச் சோதிப்பார்களா? பம்பு பழுதானால் வேறு வாங்கலாம். வடிகட்டியையும் பிறகு பெரிதாக்கலாம். கான்கிரீட்டுக்குள் போன குழாயை மாற்றவேண்டுமென்றால் குளத்தையே உடைக்கவேண்டும். வீட்டில் தண்ணீரோடு பழகிய பெரியவர் யாராவது இருந்தால், ஊற்றுவதற்கு முதல் நாள் அவரைக் கூப்பிட்டு அந்தப் பள்ளத்தைக் காட்டுங்கள். அவருக்குச் சொல்ல நிறைய இருக்கும்.