மூக்குப்பொடிக் குழி

ஸ்கூட்டரில் பின்சீட்டுக்காரனுக்கு இரண்டே வேலைதான். ஒன்று, ஓட்டுகிறவன் சொல்லும் ஆபீஸ் வம்புக்கு 'உம்' கொட்டுவது. இரண்டு, அவன் விழுந்தால் கூடவே விழுவது. 2023 நவம்பரில் ஒரு மழை நாள் சாயங்காலம், வேளச்சேரியில் அடியேன் இரண்டாவது வேலையையும் குறைவில்லாமல் செய்து முடித்தேன்.

பெரிய ஆக்ஸிடெண்ட் எல்லாம் இல்லை சார். குறுக்கே ஒரு நாய். நண்பன் பிரேக் போட்டான். நாய் தப்பித்தது, நாங்கள் சறுக்கினோம். இரண்டு பேருக்குமே ஹெல்மெட் இருந்ததால் மண்டை பிழைத்தது. நான் வலது கையை ஊன்றி விழுந்தேன். டீக்கடைக்காரர் ஓடி வந்து தண்ணீர் கொடுத்தார்.

"ஒண்ணும் ஆகலையேடா?"

"சேச்சே, ஒண்ணும் இல்லடா!"

நம்ம ஊரில் ரோட்டில் விழுந்து எழுந்தவன் பேசும் முதல் வசனம் இதுதான். அது பாதி வெட்கத்தில் வருவது. நாலு பேர் பார்க்கிறார்களே!

ஆஸ்பத்திரியில் டி.டி. ஊசி போட்டு, எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"உடைஞ்ச மாதிரி தெரியலை தம்பி. ஆனா இங்க அமுக்கினா கத்தறீங்களே... மாவுக்கட்டு போடறேன், கழட்டாதீங்க. பத்துப் பதினாலு நாள் கழிச்சு வாங்க, இன்னொரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துடலாம்."

அவர் அமுக்கிய இடம், கட்டைவிரலை விறைப்பாக நீட்டினால் அதன் அடியில் விழும் சின்னக் குழி. என் தாத்தா மூக்குப்பொடி வைத்து உறிஞ்சியது அதில்தான். இங்கிலீஷ் வைத்தியப் புத்தகங்களிலும் அதற்கு மூக்குப்பொடி டப்பா என்றுதான் பெயர்!

ஆறாம் நாள் வீக்கம் வடிந்தது. கட்டோடு கீபோர்டில் ஒற்றை விரலால் தட்டித் தட்டி, எட்டு மணி வேலை பத்து மணி ஆனது. கட்டைக் கழற்றி எறிந்தேன். பத்தாம் நாள் மாசக் கடைசி, கணக்கு முடிக்கிற அவசரம். "எக்ஸ்ரேலதான் ஒண்ணும் இல்லன்னாச்சே, மறுபடி எதுக்குடா? எல்லாம் காசு பார்க்கற வேலை" என்று கேன்டீனில் தீர்ப்பு வழங்கப்பட்டது. தீர்ப்பு வழங்கியவன், ஸ்கூட்டர் ஓட்டிய அதே நண்பன். நானும் மேல்முறையீடு செய்யவில்லை.

நாலு மாதம் ஓடியது. பூட்டில் சாவியைத் திருப்பினால் வலி. பஸ் கம்பியைப் பிடித்தால் வலி. அம்மா தைலம் தேய்த்துவிட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு வயசு மகளைத் தூக்கினேன். பாதி தூக்கும்போதே கை விட்டுவிட்டது.

நல்லவேளை, மனைவி பிடித்துக்கொண்டாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைதான் என்னை மறுபடி ஆஸ்பத்திரிக்குத் துரத்தியது.

இந்தத் தடவை எலும்பு டாக்டர் விளக்கிச் சொன்னார். மணிக்கட்டில் 'ஸ்கேபாய்டு' என்று ஓர் எலும்பு இருக்கிறது. படகு மாதிரி இருக்கும், முந்திரிப்பருப்பு சைஸ். கையை ஊன்றி விழும் இளவட்டங்களுக்கு அடிக்கடி உடைவது இதுதான். விரிசல் முதல் நாள் எக்ஸ்ரேயில் தெரியாமலே போகலாம். பத்துப் பதினாலு நாள் போனால் பெரும்பாலும் தெரிந்துவிடும். அதற்குத்தான் மறுபடி வரச் சொல்வது. இந்த எலும்புக்கு ரத்தம் விரல் பக்கமிருந்துதான் பெரும்பாலும் போகிறது. அசையாமல் வைக்காவிட்டால் உடைந்த துண்டுகள் சேராது. சில சமயம் ஒரு துண்டு செத்தே போய்விடும்.

"அன்னிக்கே வந்திருந்தா கட்டோடயே முடிஞ்சிருக்கலாம்" என்றார். இப்போது ஆபரேஷன். இடுப்பெலும்பில் கொஞ்சம் சீவி எடுத்து, மணிக்கட்டில் வைத்து, ஒரு ஸ்க்ரூ முடுக்கினார்கள்.

செலவுக்கு நண்பனின் ஸ்கூட்டர் இன்ஷூரன்ஸைத் தேடினோம். வெறும் தேர்டு பார்ட்டி பாலிசி. அதில் பின்சீட்டுக்காரன் அடங்க மாட்டான் என்று உச்ச நீதிமன்றம் 2006-லேயே சொல்லிவிட்டதாம். பேக்கேஜ் பாலிசி எடுத்திருந்தால் கேட்டுப் பார்த்திருக்கலாம். பாலிசி பேப்பரை நீங்களும் ஒரு தடவை எடுத்துப் பாருங்கள் சார். பின்னால் உட்காருகிறவனும் மனுஷன்தானே!

ஆபரேஷன் முடிந்த மறுநாள் நண்பன் ஹார்லிக்ஸோடு வந்தான். ரொம்ப நேரம் தலையைக் குனிந்தே உட்கார்ந்திருந்தான்.

"விழுந்தது கூடப் பரவாயில்லடா. போக வேணாம்னு சொன்னேன் பாரு..."

"கேட்டவன் நான்தானேடா" என்றேன்.

அதற்கப்புறம் ஒவ்வொரு செக்கப்புக்கும், பிசியோதெரபிக்கும் அவனே வந்து கூட்டிக்கொண்டு போனான். ஸ்கூட்டரில் இல்லை, ஆட்டோவில்!

கடைசி செக்கப்பில் டாக்டர் பொதுவாக ஒன்று சொல்லி அனுப்பினார். தலையில் அடிபட்டவர் வீட்டுக்கு வந்த பிறகு திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, தலைவலி ஏறிக்கொண்டே போனாலோ, எழுப்ப முடியாமல் தூங்கினாலோ விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உடனே 108-ஐக் கூப்பிட வேண்டும்.

இப்போது மகளைத் தூக்குகிறேன். மழை வந்தால் மணிக்கட்டு லேசாக முனகும். 'ஒண்ணும் இல்ல' என்று மட்டும் நான் சொல்வதே இல்லை. அதைச் சொல்ல வேண்டியவர் டாக்டர். அதுவும் இரண்டாவது எக்ஸ்ரேயைப் பார்த்த பிறகு!