விடுபட்ட ஒரு வரி

வரலாற்றில் ஈடுபாடுடைய நண்பர்களுக்கு மண்டகப்பட்டை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. விழுப்புரத்திலிருந்து செஞ்சி செல்லும் சாலையை விட்டுச் சற்று விலகி, வயல்களுக்கு அப்பால் ஒரு பாறையில் அமைந்த பல்லவர் குடைவரை அது. செங்கல், மரம், உலோகம், சுதை ஆகிய எதையும் பயன்படுத்தாமல் பிரமன், ஈசன், திருமால் ஆகிய மூவருக்கும் எடுக்கப்பட்ட கோயில் என்று அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு தெரிவிக்கிறது. ஆனால் அதில் மகேந்திரவர்மன் என்ற பெயர் எங்கும் இல்லை. விசித்திரசித்தன் என்ற விருதுப்பெயர் மட்டுமே உள்ளது. கோயிலைச் சுட்டும் லக்ஷிதாயதனம் என்ற சொல்லும் லக்ஷிதன் என்ற இன்னொரு விருதுப்பெயரின் வழி வந்ததே. இவ்விருதுகளைப் பிற கல்வெட்டுகளோடு ஒப்புநோக்கித்தான் இது மகேந்திரனின் படைப்பு என்று அறிஞர்கள் உறுதி செய்தனர். ஆக, பெயர் விடுபட்டு விருது மட்டும் நின்ற ஆவணம் மண்டகப்பட்டில் இருக்கிறது.

அதே மண்டகப்பட்டிற்குச் சில கல் தொலைவில் வாழும் என் பெரியப்பாவிடம் இருந்தது இதற்கு நேர்மாறான ஆவணம். அதில் பெயர் இருந்தது, ஆனால் பிழையாக. விருதோ விடுபட்டிருந்தது. அதைச் சரிசெய்ய இரண்டு ஆண்டுகள் ஆயின.

பெரியப்பா 1968-இல் இந்தியத் தரைப்படையில் சேர்ந்து 1985-இல் ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். ஊரில் அவருக்குப் பெயரே 'மிலிட்டரிக்காரர்' என்பதுதான். இப்போது 75 வயதைக் கடந்துவிட்டார். மல்லாட்டைக் கொல்லையைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, பென்ஷனை நம்பி பெரியம்மாவோடு வாழ்கிறார். படைவீரர் ஓய்வூதியங்கள் வங்கிகளிலிருந்து இணையவழி முறைக்கு மாறியபோது, ஆதார் அட்டையும் ஓய்வூதிய ஆணையும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டியிருந்தது. அப்போதுதான் அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகத்தை முதன்முறையாகப் பக்கம் பக்கமாகப் படித்தேன்.

பெரியப்பாவின் பெயரில் ஒரு ழகரம் உண்டு. எங்கள் பக்கத்தில் வீட்டுக்கொரு ஏழுமலை இருப்பார் என்பதால் அந்த எழுத்தின் துன்பத்தை அனைவரும் அறிவோம். படையில் சேர்ந்த அன்று வடநாட்டு எழுத்தர் ஒருவர் காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதினார். பின்னர் வந்தவர் அதை இந்தியில் எழுதினார். மூன்றாமவர் இந்தியிலிருந்து மறுபடியும் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். முடிவில் அந்தப் பெயரைத் தமிழில் படித்தால் வேறொரு மனிதர் எதிரே நின்றார். தந்தை பெயரைத் தலையெழுத்தாகப் போடும் நம் வழக்கமும் அங்கு எவருக்கும் விளங்கவில்லை. ஓரிடத்தில் தலையெழுத்து முன்னால், ஓரிடத்தில் பின்னால், இன்னோரிடத்தில் விரித்தெழுதப்பட்டுக் குடும்பப் பெயராக நின்றது.

பெரியம்மாவின் நிலை இன்னும் மோசம். அவருடைய பெயரில் பாதிதான் ஆவணத்தில் இருந்தது. பிறந்த ஆண்டு யாரோ குத்துமதிப்பாக இட்டது. கணவர் உயிரோடு இருக்கும்வரை இப்பிழை யாருக்கும் தெரியாது. அவர் மறைந்த மறுநாள்தான் அது விழித்துக்கொள்ளும். எங்கள் பக்கத்து ஊரில் படைவீரர் ஒருவரின் மனைவி, ஆவணத்தில் இருப்பவரும் தாமும் ஒருவரே என்று மெய்ப்பிப்பதற்குள் ஓராண்டுக்கு மேல் குடும்ப ஓய்வூதியமின்றித் தவித்தார். அந்த அச்சம்தான் என்னை இவ்வேலையில் இறக்கியது.

பதக்கத்தின் கதை தனி. 1971 டிசம்பர் போரில் பெரியப்பா கிழக்கு முனையில் இருந்தார். அப்போரில் கிழக்குப் போர்க்களத்தில் பணியாற்றியோருக்குப் பூர்வி ஸ்டார், மேற்கில் பணியாற்றியோருக்குப் பஸ்சிமி ஸ்டார், போர்க்காலத்தில் பொதுவாகப் பணியில் இருந்தோருக்குச் சங்க்ராம் பதக்கம் என்று அரசு வகுத்திருந்தது. பெரியப்பாவின் புத்தகத்தில் சங்க்ராம் பதக்கமும், விடுதலையின் 25-ஆம் ஆண்டு நிறைவுப் பதக்கமும், ஒன்பதாண்டு நெடும்பணிப் பதக்கமும் இருந்தன. பூர்வி ஸ்டார் இல்லை.

இதனால் ஒரு ரூபாய்கூட ஓய்வூதியம் குறையாது. ஆகவே அதை விட்டுவிடலாம் என்று எண்ணி, "பெரியம்மா பேரை மட்டும் மாத்திக்கலாமா பெரியப்பா?" என்று கேட்டேன். நெடுநேரம் பேசாமல் இருந்தார்.

"அது வெறும் தகரம்தான்டா தம்பி. எனக்குத் தெரியாதா? ஆனா அந்த வரி இல்லன்னா நான் அங்க போகவே இல்லன்னு அர்த்தம். என் பக்கத்துல ஒருத்தன் செத்தான். நான் அங்க இல்லன்னா அவன் செத்தத யார் பாத்தது?"

அதன்பின் நான் அதை விட்டுவிடச் சொல்லவில்லை.

பணிக்குறிப்பில் ஒரு பிழை புகுந்துவிட்டால் வெளியேற்றுவது எத்துணைக் கடினம் என்பதை நாடே ஒருமுறை கண்டது. தரைப்படைத் தலைமைத் தளபதியாக இருந்த ஜெனரல் வி.கே.சிங்கின் பிறந்த ஆண்டு, படைத் தலைமையகத்தின் ஒரு பிரிவில் 1951 என்றும் இன்னொரு பிரிவில் 1950 என்றும் இருந்தது. பள்ளிச் சான்றிதழ் 1951 என்றது. இளமையில் தேசியப் பாதுகாப்புக் கல்விக்கழகத்துக்கு விண்ணப்பித்த படிவம் 1950 என்றது. பாதுகாப்பு அமைச்சகம் முறையீட்டை ஏற்காததால் 2012 ஜனவரியில் அவர் உச்ச நீதிமன்றம் சென்றார். பிப்ரவரி 10 அன்று மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, அவ்வாண்டு மே 31 அன்று ஓய்வு பெற்றார். படையின் உச்சியில் இருந்தவருக்கே ஓர் எண்ணை மாற்ற இயலவில்லை எனில், ஹவில்தாரின் ழகரத்தை யார் பொருட்படுத்துவர் என்று அப்போது தோன்றியது.

தோன்றியது முழுதும் சரியன்று. முறையாகக் கேட்டால் வழி இருக்கிறது. படைவீரர் ஒவ்வொருவருக்கும் 'ஷீட் ரோல்' என்ற பணிக்குறிப்பேடு உண்டு. திருமணம், குழந்தை, இடமாற்றம், தண்டனை, பதக்கம் ஆகிய யாவும் 'பார்ட் டூ ஆர்டர்' என்னும் ஆணை வழியாகவே அதில் ஏறும். வீரர் கையில் இருக்கும் டிஸ்சார்ஜ் புத்தகம், ஓய்வு பெறும்போது அதிலிருந்து பெயர்த்தெழுதப்படுவது. ஏடு எழுதுவோரும் படியெடுப்போரும் வரிகளைத் தவறவிடுவதைச் சுவடிப் பதிப்பில் பழகிய நண்பர்கள் நன்கறிவர். மூலத்தைப் பார்க்காமல் படியைத் திருத்த முடியாது. ஆகவே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் அஞ்சலாணையை இணைத்து, ஷீட் ரோலின் ஒளிநகலைக் கேட்டு, அவருடைய படைப்பிரிவின் ஆவண அலுவலகத்துக்கு எழுதினோம்.

ஓய்வூதியம் பெறாது விலகியோரின் பணிக்குறிப்புகள் 25 ஆண்டுகள் கழிந்ததும் அழிக்கப்படும் என்பது விதி. 'லாங் ரோல்' என்ற நீண்ட பட்டியலில் சில வரிகள் மட்டுமே நிலைத்திருக்கும். பெரியப்பா ஓய்வூதியர் என்பதால் அவருடைய ஏடு தப்பியிருந்தது. எல்லா நாட்டிலும் அப்படித் தப்புவதில்லை. அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸ் நகரில் 1973 ஜூலை 12 அன்று படைவீரர் ஆவணக் கட்டடத்தில் எழுந்த தீயில் 1.6 முதல் 1.8 கோடிக் கோப்புகள் அழிந்தன. 1912-க்கும் 1960-க்கும் இடையில் தரைப்படையிலிருந்து விலகியோரின் கோப்புகளில் 80 விழுக்காடு போயிற்று. இன்றளவும் சம்பளப் பட்டியல் போன்ற துணை ஆவணங்களைக் கொண்டே அவ்வீரர்களின் பணி வரலாற்றை மீட்டெழுதுகிறார்கள்.

எங்களுக்கும் ஒரு துணை ஆவணம் கிடைத்தது. பெரியப்பா எழுதிய கடிதங்களைப் பெரியம்மா ஒரு தகரப் பெட்டியில் வைத்திருந்தார். 1971-இன் இறுதியில் வந்த இரண்டு கடிதங்களில் அனுப்புநர் முகவரி 99 ஏ.பி.ஓ. என்றிருந்தது. படைவீரர் கடிதங்களில் இடப்பெயர் இராது. 56 ஏ.பி.ஓ. அல்லது 99 ஏ.பி.ஓ. என்று மட்டுமே இருக்கும். இரண்டாவது எண் கிழக்குப் பகுதிப் படைகளுக்கு உரியது. கடிதம் மட்டும் சான்றாகாது. ஆயினும் எந்த மாதத்து ஆணையைத் தேட வேண்டும் என்பதை அது காட்டியது. ஒளிநகல் வந்தபோது, கிழக்குப் பகுதிப் பணி ஒரு பக்கத்தில் மங்கிய மையில் ஆணை எண்ணோடு இருந்தது. பதக்கங்களுக்கான பக்கத்துக்கு அது ஏறவில்லை. அவ்வளவுதான் நடந்திருந்தது. எவருக்கும் தீய நோக்கமில்லை. ஓர் எழுத்தர் ஒரு பக்கத்தைப் புரட்ட மறந்தார், அது ஐம்பது ஆண்டுகளாகப் பெரியப்பாவின் நெஞ்சில் உறுத்திக்கொண்டிருந்தது.

மாவட்டத் தலைநகரில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தை ஊரார் இன்றும் 'சோல்ஜர் போர்டு' என்றே சொல்வர். அங்கிருந்த எழுத்தர் ஒருவர், தாமும் முன்னாள் வீரர், மிகுந்த பொறுமையோடு உதவினார். பெரியம்மாவின் பெயருக்கு உறுதிமொழிப் பத்திரம், இரண்டு நாளிதழ்களில் அறிவிப்பு, ஆதார் நகல், இருவரும் சேர்ந்தெடுத்த புகைப்படம் ஆகியவை கேட்கப்பட்டன. பதக்கத்துக்குத் தனி விண்ணப்பம். "ரெண்டையும் ஒரே கடுதாசில எழுதாதீங்க. ஒண்ணு நின்னா இன்னொண்ணும் நின்னுடும்" என்றார் அவர். இந்த அறிவுரை எந்த விதிப்புத்தகத்திலும் இராது.

காத்திருந்த மாதங்களில் நான் செங்கம் பகுதி நடுகற்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். சிம்மவிஷ்ணு, மகேந்திரவர்மன் காலத்து வட்டெழுத்துப் பொறிப்புகள் பல அங்கு உண்டு. அரசனின் ஆட்சியாண்டு, வீரனின் தலைவன், ஊர், பூசலின் காரணம், பட்டவன் பெயர் என்று ஒரு படிவத்தை நிரப்பியதைப் போன்ற ஒழுங்கு அவற்றில் இருக்கிறது. மகேந்திரனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த எடுத்தனூர் நடுகல் ஒருபடி மேலே போகிறது. கருந்தேவக்கத்தி என்ற வீரனோடு, கள்வரை எதிர்த்து நின்ற கோவிவன் என்ற அவனுடைய நாயையும் அது பெயரிட்டுப் போற்றுகிறது. பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன் ஒரு நாயின் பெயரைப் பிழையின்றிப் பொறித்த மண் இது.

பிற்காலத்தவருக்கு அந்த அக்கறை இருக்கவில்லை. முதல் உலகப்போருக்குப் பின் ஆங்கில அரசு தமிழகத்தின் சில ஊர்களில் கல்வெட்டுப் பலகைகளைப் பதித்தது. இவ்வூரிலிருந்து இத்தனை பேர் போருக்குச் சென்றனர், அவர்களில் இத்தனை பேர் இறந்தனர் என்று எண்ணிக்கை இருக்கும், பெயர் இராது. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 2021 ஏப்ரலில் வெளியிட்ட ஆய்வறிக்கை இதைப் பரந்த அளவில் ஒப்புக்கொண்டது. முதல் உலகப்போரில் இறந்த இந்தியர், ஆப்பிரிக்கர் உள்ளிட்டோரில் குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரையில், பெயரால் நினைவுகூரப்படவில்லை, அல்லது நினைவுகூரப்படவே இல்லை என்று அது கூறியது.

பதினான்காம் மாதத்தில் பெரியம்மாவின் முழுப்பெயரோடு திருத்திய ஓய்வூதிய ஆணை வந்தது. பெரியப்பாவின் ழகரமும் அதில் சீர்பட்டிருந்தது. பெரியம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. தம் பெயர் இருக்கும் இடத்தைக் காட்டச் சொல்லி, அதன்மீது விரலை வைத்து, எழுத்துகளை எண்ணிப் பார்த்துக்கொண்டார். பாதிப் பெயரைவிட நீளமாக இருந்ததில் அவருக்கு நிறைவு.

பதக்கத்துக்கான விடை மேலும் எட்டு மாதங்கள் கழித்து வந்தது. பூர்வி ஸ்டாருக்கான தகுதி ஏற்கப்பட்டுப் பணிக்குறிப்பில் சேர்க்கப்பட்டுள்ளது, பதக்கம் இருப்பில் வந்ததும் அனுப்பப்படும் என்றது கடிதம். இன்னும் வரவில்லை. படைவீடுகள் உள்ள நகரங்களில் கடைகளில் பதக்க நகல்கள் விற்கின்றன, வாங்கி வரட்டுமா என்று கேட்டேன். "கடைல வாங்கறதுக்கா இத்தன நாள் எழுதன?" என்று சிரித்தார்.

அவர் கேட்டது வேறொன்று. 2019 பிப்ரவரி 25 அன்று திறக்கப்பட்ட டெல்லி தேசியப் போர் நினைவகத்தில், விடுதலைக்குப் பின் உயிர்நீத்த 25,000-க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. அப்பெயர்களை இணையத்திலும் தேடலாம். 1971-இல் தம் அருகில் வீழ்ந்த அந்தக் கேரளத்து நண்பரின் பெயரைத் தேடச் சொன்னார். படை எண்ணை நினைவிலிருந்தே சொன்னார், ஓர் இலக்கமும் பிசகவில்லை. பெயர் இருந்தது. எழுத்தெழுத்தாக வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "சரியாத்தான் இருக்கு" என்றார்.

நண்பர்களின் வீடுகளிலும் மிலிட்டரிக்காரர் எவரேனும் இருப்பார். அவரிடம் போர்க்கதை கேட்பதற்கு முன், டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் ஓய்வூதிய ஆணையையும் வாங்கி ஒருமுறை படியுங்கள். முதலில் அவர் மனைவியின் பெயரைப் பாருங்கள். பிறகு பதக்கங்களின் பக்கத்தைப் பாருங்கள். பிழை இருந்தால், அவர் இருக்கும்போதே எழுதிப்போடுங்கள். விடுபட்டது எது என்று சொல்ல அவர் ஒருவரால்தான் முடியும்.