பட்டியலில் இல்லாத பெயர்

கொள்ளிடத்தின் தென்கரைச் சிற்றூர் ஒன்றில் நான் பங்குக் குருவாயிருந்த காலம். ஆலய விழா மலருக்குப் பங்கின் வரலாற்றை எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. பழைய பதிவேடுகளைப் புரட்டி, குருக்களின் பெயர்களை ஆண்டு வாரியாகத் தொகுத்தேன். மலர் அச்சாகி வந்த அன்று மூதாட்டி ஒருவர் கேட்டார்: “எங்க தாத்தா பேரு இதுல இருக்கா சாமி? நாப்பது வருசம் உபதேசியாரா இருந்தாரு.”

இல்லை என்றேன். அவர் வேறொன்றும் கேட்கவில்லை.

அன்றிரவு என் நினைவு ஆற்றின் வடகரையிலுள்ள ஏலாக்குறிச்சிக்குச் சென்றது. வீரமாமுனிவர் அவ்வூருக்குத் திருக்காவலூர் எனப் பெயரிட்டு, அடைக்கல அன்னையின்மீது கலம்பகம் பாடினார். அவர் 1747-இல் மறைந்தார். 1773-இல் திருத்தந்தை பதினான்காம் கிளமெண்ட் இயேசு சபையையே கலைத்தார். 1814-இல் அச்சபை மீண்டும் உயிர்பெற்றாலும், அதன் துறவியர் தமிழகம் திரும்பியது 1830-களின் பிற்பகுதியில்தான். இடையே அறுபது ஆண்டுகளுக்கு மேல், கோவாவிலிருந்தும் பாரீஸ் வேதபோதக சபையிலிருந்தும் வந்த சில குருக்களே இப்பரந்த நாடெங்கும் சுற்றி வந்தனர். அவ்வாறாயின், குரு வராத ஞாயிறுகளில் செபம் சொல்லித் தந்தவர் யார்? சாகக் கிடந்த குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் அளித்தவர் யார்? இறந்தோரைச் செபத்துடன் அடக்கம் செய்தவர் யார்? நம் ஊர்களின் உபதேசியார்களே. வீரமாமுனிவரின் பெயரை உலகம் அறியும். இவர்களுடைய பெயர்களை அறிந்தவர் அரியர்.

மறுநாள் பதிவேட்டை மீண்டும் திறந்தேன். ஆபத்து வேளை ஞானஸ்நானங்கள் பல. கொடுத்தவர் பெயருக்குரிய இடத்தில் ‘உபதேசியார்’ என்ற ஒரு சொல் மட்டுமே. எழுதியவர்கள் என்னைப் போன்ற குருக்கள்.

1964-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருச்சபை பற்றிய கோட்பாட்டு விளக்கம், இறைமக்களைப் பற்றி இரண்டாம் அதிகாரத்தில் பேசிவிட்டு, அருட்பணியாளரின் ஆட்சியமைப்பை மூன்றாம் அதிகாரத்தில்தான் எடுத்துக்கொள்கிறது. குருமடத்தில் இவ்வரிசையைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தேன். வரலாறு எழுத அமர்ந்தபோது அதனைத் தலைகீழாக்கிவிட்டேன்.

அச்சான மலரைத் திருத்த இயலவில்லை. நவம்பர் 2, இறந்த விசுவாசிகள் நாளன்று, அம்மூதாட்டியிடம் கேட்டறிந்த பெயரைப் பூசையில் உரக்க வாசித்தேன். பூசை முடிந்தபின் மேலும் நால்வர் தத்தம் பாட்டனாரின் பெயர்களோடு அறைவீட்டு வாசலில் நின்றிருந்தனர். பங்கின் வரலாற்றை அன்றுதான் எழுதத் தொடங்கினேன்.